குப்புறவா, சாய்வா?

குறைமாதக் குழந்தைகளின் பெற்றோருக்கான கையேடு ஒன்று பிழை திருத்த வந்தது. வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும் நாட்களில் குழந்தையைச் 'சாய்வு நிலையில்' படுக்க வைப்பார்கள் என்று இதிலும் எழுதியிருக்கிறது. எத்தனை முறைதான் இதைத் திருத்துவது? ஆங்கில மூலத்தில் இருக்கும் சொல் ப்ரோன். அதற்குத் தமிழில் குப்புற.

ப்ரோன், முன்பக்கம் குனிந்த என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் எதிர்ச்சொல் சுபைன், அதாவது மல்லாந்த. குப்புற என்பது குப்புறு என்ற வினையின் எச்சம். இதுவரை சிக்கல் இல்லை.

ஆனால் ஆங்கிலத்தில் ப்ரோனுக்கு 'ஒன்றின் பக்கம் சாய்வுள்ள' என்ற பொருளும் உண்டு. அகராதியில் அதைப் பிடித்துக்கொண்டுதான் 'சாய்வு நிலை' பிறந்திருக்க வேண்டும். தமிழில் சாய்ந்து உட்கார் என்றால் முதுகுதான் பின்னால் போகும். சாய்வு நாற்காலியில் யாரும் குப்புறக் கிடப்பதில்லை. ஆக, கையேட்டைப் படிக்கும் தகப்பன் மனத்தில் விழுவது நேர் எதிரான படம்.

உண்மையில் நடப்பது வேறு. குறைமாதக் குழந்தையின் விலாக்கூடு இன்னும் இறுகியிருக்காது. மல்லாந்து கிடந்தால் மூச்சிழுக்கும்போது வயிறு எழும்பும், மார்பு உள்வாங்கும். குப்புறப் படுக்க வைத்தால் மெத்தை மார்புக்கு முட்டுக் கொடுக்கிறது. மார்பும் வயிறும் சேர்ந்து எழுந்து தாழ்கின்றன. ரத்தத்தில் ஆக்சிஜனும் சற்றுக் கூடலாம். கன்னம் ஒரு பக்கம் திரும்பி, முழங்கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கி, கை வாயருகே கிடக்கும். இதைக் கண்ணால் பார்த்தவர் சாய்வு என்று எழுதியிருக்கவே மாட்டார்.

குப்புற என்றால் விழுவதுபோல் ஒலிக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 'படுக்க வைப்பது' என்று சேர்த்ததுமே அந்தச் சாயல் போய்விடுகிறது. வீட்டில் புழங்கும் சொல் மருத்துவத்துக்கு ஆகாது என்ற கூச்சம்தான் இங்கே தடை. 'அதோமுக சயனம்' என்றுகூட ஒருவர் எழுதினார். அதைப் புரிந்துகொள்ள இன்னொரு கையேடு வேண்டும். இதே கையேட்டில் வென்டிலேட்டரை விலக்குவதைப் 'பால் மறக்கடித்தல்' என்று வேறு மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வீனிங் என்ற ஒரே சொல்தான். சொல்லைப் பார்த்தார்கள், குழந்தையைப் பார்க்கவில்லை.

இது வெறும் சொல் சண்டை இல்லை. குப்புறப் படுக்க வைப்பது மானிட்டரும் செவிலியரும் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தவிர்க்க, வீட்டில் குழந்தையைக் குப்புறத் தூங்க வைக்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992 முதலே இதைச் சொல்லிவருகிறது. எது குப்புற, எது மல்லாக்க என்று பெற்றோருக்குத் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும்.

அப்புறம் இப்படி மாற்றிக் கொடுத்தேன்: 'வென்டிலேட்டரிலிருந்து படிப்படியாக விடுவிக்கும்போது குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி வைப்போம். வீட்டுக்குப் போனபின் தூங்கும்போது மல்லாக்க மட்டுமே படுக்க வையுங்கள்.'