ஒரே ஈஸ்ட், இரண்டு மடங்கள்: பெல்ஜிய மடாலய ஏலை எடைபோடுவது எப்படி?

பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலெ மடத்தில் காய்ச்சும் டுபெல் என்ற கருமையான ஏலை, அதாவது வெதுவெதுப்பில் நொதிக்கவைத்த பியரை, ஊற்றியதும் முதலில் ஏமாறுவது கண்தான். சிவப்போடிய அடர்பழுப்பைப் பார்த்தவுடன் வறுத்த தானியத்தின் கசப்பையோ பாகின் தித்திப்பையோ நாக்கு எதிர்பார்த்துவிடும். குடித்தால் இரண்டுமே தூக்கலாக இருக்காது. உலர்ந்த திராட்சை, லேசான சாக்லேட், ஓரத்தில் கிராம்பு, அதற்கடியில் கொஞ்சம் வாழைப்பழம். விழுங்கி முடித்ததும் வாயில் ஒட்டல் எதுவுமின்றி காய்ந்துவிடும். நிறத்தில் பெரும்பங்கு காய்ச்சிக் கறுக்கவைத்த பீட் சர்க்கரைப் பாகினுடையது. கண்டி சிரப் என்று மதுவடிப்பவர்கள் சொல்லும் அந்தப் பாகு தன் நிறத்தையும் மணத்தையும் பியரில் விட்டுவிட்டுத் தித்திப்பை மட்டும் ஈஸ்ட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. 7 சதவீத ஆல்கஹால் இருந்தும் டுபெல் வயிற்றில் கனக்காததற்கு இதுவே காரணம்.

குளிர்ச்சியில் நொதிக்கும் லாகர் பியரைச் சுவைக்கும்போது பெரும்பாலும் முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டையும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவையும்தான் தேடுகிறோம். மடாலய ஏலில் தேடவேண்டியது ஈஸ்ட் செய்துவைத்த வேலையை.

பெயர்க் குழப்பத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ‘டிராப்பிஸ்ட்’ என்பது பியர் வகையின் பெயரல்ல. எங்கே, யாரால் செய்யப்பட்டது என்பதைக் காட்டும் முத்திரை. 1997இல் தொடங்கிய பன்னாட்டு டிராப்பிஸ்ட் சங்கம் மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறது. மடத்து வளாகத்திலோ அதை ஒட்டியோ, துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சவேண்டும். மதுவடிப்பு மட வாழ்க்கைக்கு அடுத்த இடத்தில்தான் இருக்கவேண்டும். வருமானம் மடத்தின் செலவுக்கும் அறப்பணிக்கும் போகவேண்டும். வெஸ்ட்மாலெ, வெஸ்ட்ஃப்ளேட்டரன், ரோஷ்ஃபோர், ஷிமே, ஓர்வால் ஆகியவை அப்படிப்பட்டவை. ‘மடாலய பியர்’ என்பது இதைவிட அகன்ற சொல். ஒரு மடத்தின் பெயரை உரிமத்தொகை கொடுத்துப் பயன்படுத்தும் வணிக ஆலைகளும் இதில் அடங்கும். லெஃப் அப்படித்தான் லூவன் நகரில் பெரிய ஆலையில் தயாராகிறது. கிளாஸில் இருப்பதை மதிப்பிடும்போது இந்த முத்திரைகளுக்குத் தனி மதிப்பெண் கிடையாது.

வெஸ்ட்ஃப்ளேட்டரன் மடம் தன் ஈஸ்ட்டை வெஸ்ட்மாலெயிலிருந்துதான் வாங்கிவருகிறது. இரண்டு மடங்களிலும் ஒரே ஈஸ்ட். ஆனால் பியர்கள் ஒன்றுபோல் மணப்பதில்லை. வெஸ்ட்மாலெயில் 18 டிகிரி செல்சியஸில் ஈஸ்ட்டைச் சேர்த்து 20 அளவில் பிடித்துவைக்கிறார்கள். வெஸ்ட்ஃப்ளேட்டரனில் 20இல் தொடங்கி, நொதிக்கும் சூட்டிலேயே 28 வரை ஏறவிடுகிறார்கள். பாகு, செய்முறை எல்லாம் வேறு என்றாலும், மணத்தில் தெரியும் வேறுபாட்டில் இந்த எட்டு டிகிரிக்குக் கணிசமான பங்குண்டு.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது எத்தனாலோடு சேர்த்து, மூலக்கூறு பெரிதான வேறு ஆல்கஹால்களையும் கொஞ்சம் வெளியிடுகிறது. அவற்றை அசிட்டைல் கோஎன்சைமோடு ஒரு நொதி இணைக்கும்போது எஸ்டர்கள் என்ற பழமணச் சேர்மங்கள் உண்டாகின்றன. ஐசோஅமைல் அசிட்டேட் என்றால் வாழைப்பழம். எத்தனாலிலிருந்தே உண்டாகும் எத்தில் ஹெக்ஸனோயேட் என்றால் ஆப்பிளும் சோம்பும். வெப்பம் ஏறினால் எஸ்டர் கூடும். சர்க்கரை அடர்த்தி கூடினாலும் கூடும். வோர்ட்டில், அதாவது நொதிக்கும் முன்னுள்ள மால்ட் சாற்றில், ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் அந்த நொதி அடங்கி எஸ்டர் குறையும். உயரமான தொட்டியின் அடியில் அழுத்தமும் கரைந்த கார்பன் டை ஆக்சைடும் மிகுவதால் அங்கேயும் குறையும். சிறிய ஆலையில் அருமையாக வந்த செய்முறை பெரிய உருளைத் தொட்டிக்கு மாறியதும் மணமிழந்து நிற்பது இதனால்தான்.

கிராம்பு வாசனை வருகிற வழி வேறு. பார்லி உமியின் செல்சுவரில் ஃபெருலிக் அமிலம் இருக்கிறது. மால்ட்டை 45 டிகிரி அளவில் சிறிது நேரம் ஊறவைத்தால் அது கூடுதலாகக் கரைந்துவரும். பெல்ஜிய ஈஸ்ட்களில் பலவற்றுக்கு அந்த அமிலத்திலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி கிராம்பு மணக்கும் 4-வினைல் குவாயகோல் என்ற ஃபீனாலாக மாற்றும் திறன் உண்டு. லாகர் ஈஸ்ட்கள் அதை இழந்துவிட்டவை. ஆகவே டிரிபெல் என்ற பொன்னிறமான வலுவான ஏலில் மிளகும் கிராம்பும் தெரிந்தால், மசாலா சேர்த்திருப்பார்கள் என்று முடிவுகட்டவேண்டாம். மசாலா சேர்ப்பவர்களும் உண்டு. ஆனால் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் மதிப்பெண் குறையத்தான் செய்யும்.

இனி பாட்டிலுக்கு வருவோம். இந்த ஏல்கள் பாட்டிலுக்குள் இன்னொரு முறை நொதிப்பவை. அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் புது ஈஸ்ட்டும் சேர்த்து, இரண்டு மூன்று வாரம் வெதுவெதுப்பான அறையில் வைப்பார்கள். அதனால் அடியில் வண்டல் இருக்கும். சுவைப்பதற்கு ஒருநாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடவேண்டும். டிரிபெல்லுக்கு 8 முதல் 12 டிகிரி, டுபெல்லுக்கும் கருமையான வலுவான ஏல்களுக்கும் 10 முதல் 14 டிகிரி பொருத்தம். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் எஸ்டர்கள் ஆவியாகி மூக்குக்கு வராது. கசப்பும் கார்பனேஷனும் மட்டும் தூக்கலாக நிற்கும். பாட்டிலை முன்கூட்டியே வெளியே எடுத்துவைத்து, ஒரு சமையல் வெப்பமானியை கிளாஸில் விட்டுப் பார்த்துவிடுவது நல்லது. கைக்கணக்கு இதில் அடிக்கடி தப்பும்.

மடங்களின் பெயர் பொறித்த அகன்ற கிண்ணக் கிளாஸ் மேசையில் அழகாகத்தான் இருக்கும். மதிப்பிடுவதற்கு அது தோதல்ல. வாய் விரிந்திருப்பதால் மணம் நிற்காமல் போய்விடும். வயிறு பருத்து வாய் குறுகிய டியூலிப் கிளாஸோ ஒயின் கிளாஸோ மேல். அதைவிட முக்கியம் சுத்தம். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பு மிச்சமும் நுரையைக் கொன்றுவிடும். ஊற்றிய பின் கிளாஸின் பக்கச்சுவரில் ஒரே இடத்தில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நகராமலிருந்தால், அழுக்கு அங்கேதான். அந்த கிளாஸில் நுரைக்கு மதிப்பெண் போடுவது பியருக்குச் செய்யும் அநியாயம்.

கிளாஸை 45 டிகிரி சாய்த்து, பாட்டிலை இடையில் நிமிர்த்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றி, பாதிக்குப் பின் கிளாஸை நிமிர்த்தவேண்டும். பாட்டிலை நிமிர்த்தி நிமிர்த்தி ஊற்றினால் ஒவ்வொரு முறையும் வண்டல் கலங்கும். அடியில் 1 முதல் 2 சென்டிமீட்டர் விட்டுவிடலாம். அந்த ஈஸ்ட் தள்ளிவிட வேண்டியதல்ல. தனியாக ஒரு சிறு கிளாஸில் ஊற்றிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள், ரொட்டிமாவு வாசமும் லேசான கசப்புமாக இருக்கும். மதிப்பீட்டுக்கான கிளாஸில் அது கலந்தால் மற்ற மணங்களை மூடிவிடும்.

ஊற்றிய முதல் நிமிடம் மூக்குக்கு உரியது. சட்டென ஆவியாகும் சேர்மங்கள் அப்போதுதான் இருக்கும். தோற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீளமாக ஒரே மூச்சாக இழுக்காமல், குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை மோந்துபார்த்து, கிளாஸை விலக்கி, மனதில் பட்டதை உடனே எழுதிவிடவேண்டும். தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு பழகிப்போய் எதையும் சொல்லாது. பழமும் கிராம்பும் ஒன்றையொன்று அடக்காமல் இருக்கின்றனவா, ஆல்கஹால் மணமாக வருகிறதா அல்லது மூக்கைக் குத்துகிறதா என்பதுதான் இங்கே கேட்கவேண்டியது.

பிறகு நுரை. நல்ல டிரிபெல்லில் அது வெள்ளையாக, கெட்டியாக எழும்பி, இறங்கும்போது கிளாஸில் வலைபோன்ற தடம் விட்டுப்போகும். சாதாரண லாகரில் ஒரு லிட்டர் பியருக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். இவற்றில் மூன்று முதல் மூன்றரை, சிலவற்றில் அதற்கும் மேல். ஆனால் வாயு எத்தனை இருந்தாலும் குமிழியின் தோல் பலமாக இல்லாவிட்டால் நுரை நிற்காது. பார்லியில் உள்ள எல்டிபி1 என்ற புரதம் அந்தத் தோலில் என்ன செய்கிறது என்பதை சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2025இல் விளக்கினார்கள். ஒருமுறை நொதித்த லாகரில் அந்தப் புரதம் சிறு உருண்டைகளாகக் குமிழிமேல் அடைந்து நிற்கிறது. இருமுறை நொதித்ததில் விரிந்து வலையாகிறது. மும்முறை நொதித்த டிரிபெல்லில் துண்டுகளாக உடைந்து, ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரைத் தள்ளும் மூலக்கூறுகளாக மாறுகிறது. படலம் ஓரிடத்தில் மெலிந்தால் பரப்பு இழுவிசை மாறி, பக்கத்திலிருந்து திரவம் அங்கே ஓடிவந்து நிரப்புகிறது. அவர்கள் சோதித்தவற்றில் அதிக நேரம் நின்றது டிரிபெல் நுரைதான்.

வாயில் ஒரு மடக்கு எடுத்து நாக்கு முழுவதும் பரவவிட்டு விழுங்கிய பின், வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடவேண்டும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த மூச்சோடு மேலேறும் மணம்தான். டுபெல்லின் திராட்சையும் அத்தியும் கிளாஸை முகரும்போது மங்கலாகவும் இந்த மூச்சில் பளிச்சென்றும் தெரிவதுண்டு. வாயில் படும் சுள்ளென்ற உணர்வு குமிழி வெடிப்பதால் மட்டும் வருவதல்ல. நாக்கில் புளிப்பை உணரும் செல்களின் மேலுள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி கார்பன் டை ஆக்சைடை அமிலமாக்கிக் காட்டிக்கொடுக்கிறது. மால்ட் தித்திப்பைச் சமன்செய்வதில் கசப்புக்கு இணையான பங்கு இந்தச் சுள்ளாப்புக்கு உண்டு. கார்பனேஷன் இறங்கிப்போன டிரிபெல் அதே சர்க்கரை அளவில்கூடக் குழகுழவென்று தித்திக்கும்.

விழுங்கிய பிறகு காய்ந்த முடிவு வரவில்லையென்றால் நொதித்தல் பாதியில் நின்றிருக்கிறது. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், டிரிபெல் 1.075 முதல் 1.085 வரையான அடர்த்தியில் தொடங்கி 1.008 முதல் 1.014 வரை இறங்கவேண்டும். அதற்காகவே மொத்தச் சர்க்கரையில் 20 சதவீதம் வரை வெறும் சர்க்கரையாகச் சேர்க்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் தொட்டி குளிர்ந்துவிட்டால் ஈஸ்ட் படுத்துவிடும். தித்திப்பு தங்கும். அதோடு, ஈஸ்ட் திரும்ப உறிஞ்சியிருக்கவேண்டிய டைஅசெட்டைலும் மிஞ்சி, தியேட்டர் பாப்கார்னின் வெண்ணெய் வாசம் அடிக்கும். இந்த வகையில் அந்த வாசம் துளிகூட இருக்கக்கூடாது.

தொடக்கத்திலேயே சூடேறினால் கெடுதல் வேறு மாதிரி. முதல் ஒன்றரை நாளில் 25 டிகிரியைத் தாண்டிவிட்டால் பெரிய ஆல்கஹால்கள் மிகுந்து, நெஞ்சில் இதமாகப் பரவவேண்டிய சூடு தொண்டையை எரிக்கும். 28 வரை போகும் மடங்களும் குளிர்ச்சியில் தொடங்கி மெதுவாகத்தான் ஏறுகின்றன. ஈஸ்ட் போதாமல் போனாலும் இதே சிக்கல்தான். ஏலுக்கு வழக்கமான கணக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (வோர்ட்டின் எடையில் ஒரு சதவீதம் சர்க்கரைச் சத்து) ஒரு மில்லிலிட்டரில் 7.5 லட்சம் செல்கள். 20 பிளேட்டோ வோர்ட் என்றால் மில்லிலிட்டருக்கு 1.5 கோடி. அதைவிட மிகவும் குறைத்தால் எத்தில் அசிட்டேட் தலைதூக்கி, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி வரும். பழமணம் எங்கே முடிந்து நெடி எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவதுதான் இந்த வகையில் பழகக் கடினமானது.

கிராம்பையும் மருந்து நெடியையும் குழப்பிக்கொள்வது இன்னொரு வழக்கம். குழாய்நீரின் குளோரின் போக்கப்படாமல் ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும். மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். டெட்டாலில் உள்ள குளோரோசைலினாலும் அந்தக் குடும்பம்தான். அது ஈஸ்ட்டின் குற்றமல்ல, தண்ணீரின் குற்றம். காட்டு ஈஸ்ட் புகுந்தால் வரும் குதிரைலாய வாசமும் டிரிபெல்லில் குறையே. ஆனால் ஓர்வாலில் அதே பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். அது இல்லாவிட்டால்தான் அங்கே குறை.

பியர் நடுவர் சான்றிதழ் திட்டத்தின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்தம் 10. கார்பனேஷனும் உலர்ந்த முடிவும் இவ்வளவு தூரம் தீர்மானிக்கும் ஒரு வகைக்கு வாயுணர்வில் 5 என்பது கஞ்சத்தனம். பழகிய நடுவர்கள் அந்தக் குறையை ஒட்டுமொத்தப் பத்தில் ஈடுகட்டிவிடுவார்கள்.

வயதையும் கணக்கில் எடுக்கவேண்டும். டிரிபெல் இளசாக இருக்கும்போதே நல்லது; மாதங்கள் போகப்போக ஹாப் மணம் மங்கும், ஐசோஅமைல் அசிட்டேட் சிதைந்து வாழைப்பழம் தேயும், ஆக்சிஜன் புகுந்திருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும். 11.3 சதவீத ரோஷ்ஃபோர் 10 போன்ற கருமையான வலுவான ஏல்கள் வேறு கதை. குளிர்ந்த இருட்டில் சில ஆண்டுகள் கிடந்தால் அதே ஆக்சிஜனேற்றம் ஷெர்ரி, போர்ட் ஒயின் பக்கம் திரும்பும். ஆனால் சோயா சாஸ் வாசம் தெரிந்தால் அது முதிர்ச்சியல்ல. அடியிலிருந்த ஈஸ்ட் செல்கள் செத்து உடைந்திருக்கின்றன.

பல பாட்டில்களை ஒரே அமர்வில் பார்ப்பதானால், ஒவ்வொன்றிலும் 100 மில்லிலிட்டர் போதும். வலுக்குறைந்த டுபெல், அடுத்து டிரிபெல், கடைசியில் கருமையான வலுவானவை. இடையில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும். ஓர்வால் இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் பிறகு திறக்கவேண்டும். அதன் கசப்பும் பிரெட்டனோமைசிஸ் மணமும் நாக்கில் ஏறிவிட்டால், அடுத்து வரும் டுபெல்லில் திராட்சையைத் தேடுவது வீண்வேலை.