முன் பிரேக்குக்கு எத்தனை விரல்?

"முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடித்துவிடும்" என்று சொல்லித்தான் நம் பக்கம் பிள்ளைகளுக்கு டூவீலர் வண்டி பழக்குகிறோம். அதனால் பட்டறைக்கு வரும் பல வண்டிகளில் பின் பிரேக் ஷூ தேய்ந்து போயிருக்கும், முன்னால் இருப்பது புதிதாகவே இருக்கும். இது எனக்குக் கவலை தருகிற விஷயம். பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் வந்து முன் டயர் ரோட்டில் நன்றாக அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. அதனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான்.

ஆளைத் தள்ளிவிடுவது வெடுக்கென்று பிடிக்கிற பிடிதான். பாரம் முன்னால் வந்து சேருமுன் சக்கரம் சுற்றாமல் லாக் ஆனால் டயர் வழுக்கிவிடும். லிவரை முதலில் மெல்ல இழுங்கள். பிரேக் பிடிப்பது விரலுக்குத் தெரிந்ததும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

சரி, எத்தனை விரல்? நல்ல டிஸ்க் பிரேக்குக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும். மற்ற இரண்டும் ஆக்ஸிலேட்டரை விடாமல் பிடித்திருக்கும். ஆடு மாடு குறுக்கே வரும் இடங்களில் இந்த இரண்டு விரலையும் அழுத்தாமல் லிவர் மேல் வைத்தே ஓட்டுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. விரல் லிவரைத் தேடுகிற அரை நொடியில் 8 மீட்டர் போய்விடும்.

டிரம் பிரேக்குக்கு நான்கு விரலும் வேண்டும். கேபிள் தொய்ந்த வண்டியில் இரண்டு விரலால் பிடித்தால் லிவர் உள்ளே வந்து மோதிர விரலில் முட்டி நின்றுவிடும். முழு பலத்தோடு பிடித்திருப்பதாக நினைப்பீர்கள். நசுங்குவது உங்கள் விரல்தான்.

உப்புக்காற்றில் லிவர் இறுகுகிற கோளாறும் சீக்கிரமே வரும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து வண்டிகளில் லிவர் போல்ட் துருவேறி இறுகி, விரலை எடுத்த பிறகும் லிவர் பாதியில் நிற்பதைப் பார்க்கிறேன். பின்னால் பிரேக் விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பாருங்கள், அதுவே தெரிந்துவிடும். போல்ட்டைக் கழற்றித் துடைத்து, துளி கிரீஸ் வைத்து மாட்டினால் போதும். கிரீஸ் டிஸ்க்கிலோ ஷூவிலோ படவே கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வண்டியை நிறுத்தி லிவரை அழுத்திப் பிடியுங்கள். கைப்பிடிவரை வந்தால், டிரம் வண்டிக்குக் கேபிள் நட்டை முறுக்குங்கள், அப்புறம் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். டிஸ்க் வண்டியில் கொழகொழவென்று அமுங்கினால் லைனில் காற்று இருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

தனுஷ்கோடி ரோட்டில் அரிச்சல்முனை வரை காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டும். மணல் வருமுன்பே நேர் ரோட்டில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் உள்ள வண்டியும் மணலில் நிற்க அதிக தூரம் எடுக்கும். மணலுக்குள் வண்டியைச் சாய்க்காமல், முன் லிவரை விட்டுவிட்டுப் பின் பிரேக்கை மெல்லத் தொடுங்கள். முன் பிரேக் பிடித்திருக்கும்போது முன் சக்கரம் வழுக்குவது தெரிந்தால் விரலை உடனே தளர்த்துங்கள். சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்தால்தான் ஹேண்டில் உங்கள் சொல் கேட்கும்.