வாக்குச்சீட்டின் கடைசிப் பக்கம்: நீதிபதிகளை எடைபோடுவது யார்?

தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் போனுக்கு ஓய்வு கிடையாது. குடியுரிமை வாங்கி முதல் தடவையோ இரண்டாம் தடவையோ ஓட்டுப் போடுகிற நம்மவர்கள், தபாலில் வந்த வாக்குச்சீட்டைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். "அக்கா, மேல இருக்கறதெல்லாம் போட்டாச்சு. கடைசியில ஜட்ஜ்னு ஒரு பெரிய பட்டியல் இருக்கே, அதை என்ன பண்றது?" என்று சிகாகோ புறநகரான ஷாம்பர்க்கிலிருந்து ஒரு தம்பி கேட்டார்.

"போன வாட்டி என்ன பண்ணீங்க?"

"எல்லாருக்கும் எஸ் போட்டுட்டேன்கா. பாவம், நம்மால எதுக்கு ஒருத்தர் வேலை போகணும்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரில் நீதிபதி என்றால் தேர்வு எழுதி வருபவர், அல்லது கொலீஜியம் பரிந்துரைத்து வருபவர். நீதிபதிக்கு ஓட்டுப் போடுவது என்பதே நம் காதுக்குப் புதிது. நானும் சிகாகோவில் வக்கீலாகப் பதிவு செய்த பிறகுதான் இதை ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். பிறகு சில ஆண்டுகள் ஒரு வழக்கறிஞர் சங்கத்தின் மதிப்பீட்டுக் குழுவில் இருந்து, வேட்பாளர்களைப் பற்றி விசாரிக்கும் வேலையும் பார்த்தேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் சர்க்யூட் நீதிபதிக்கு, அதாவது வழக்கை முதலில் விசாரிப்பவருக்கு, பதவிக்காலம் 6 ஆண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் மாநில உச்ச நீதிமன்றத்துக்கும் 10 ஆண்டு. முதல் தடவை கட்சிச் சீட்டில் நின்று ஜெயிக்க வேண்டும். அதன் பிறகு எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள். "இவர் பதவியில் தொடரலாமா?" என்று மட்டும் கேள்வி வரும், ஆம் அல்லது இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் 60 சதவீதம் பேர் ஆம் என்றால் தொடரலாம். கேள்வியைத் தாண்டிப் போனால் அது "இல்லை" ஆகிவிடாது, கணக்கிலேயே வராது. பலரும் இதைத் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

சரி, நீதிபதியாக நிற்க என்ன தகுதி வேண்டும்? மாநில அரசமைப்பு கேட்பது மூன்றுதான்: அமெரிக்கக் குடியுரிமை, இந்த மாநில வக்கீல் உரிமம், அந்தப் பகுதியில் குடியிருப்பு. எத்தனை ஆண்டு அனுபவம் என்று ஒரு வார்த்தை கிடையாது. போன வருஷம் உரிமம் வாங்கியவரும் நிற்கலாம். நீதிமன்றப் படியே ஏறாமல் ஒப்பந்தம் மட்டும் எழுதிக்கொண்டிருந்தவரும் நிற்கலாம். சிகாகோ அடங்கிய மாவட்டமான குக் கவுண்டியில் ஏறக்குறைய 400 நீதிபதிகள். உங்கள் டிராஃபிக் டிக்கெட், விவாகரத்து, குழந்தை யாரிடம் வளர்வது என்ற சண்டை, வாடகை கொடுக்காதவரைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு எல்லாம் இவர்களிடம்தான் வரும். வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறோம். சிகாகோ நீதிமன்றக் கட்டடமான டேலி சென்டரில் நம் கேஸைக் கேட்கப் போகிறவர் பெயர் நமக்குத் தெரியாது.

பெயர் தெரியாத இடத்தில் மக்கள் பெயரைப் பார்த்தே ஓட்டுப் போடுகிறார்கள். சிகாகோவில் ஐரிஷ் பெயர், அதிலும் ஐரிஷ் பெண் பெயர் என்றால் கொஞ்சம் கூடுதலாக விழும் என்பது நீதிமன்ற வராந்தாவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதற்காகவே பெயரை மாற்றிக்கொண்டு நின்றவர்களும் உண்டு. கடைசியில் 2007-இல் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று: மூன்று ஆண்டுக்குள் பெயர் மாற்றியவர் என்றால், பழைய பெயரும் வாக்குச்சீட்டில் வர வேண்டும். கல்யாணம், விவாகரத்துக்கு விலக்கு.

லாஸ் ஏஞ்சலஸில் 2006-இல் நடந்ததைத் தமிழர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். டிசின்ட்ரா ஜானவ்ஸ் என்ற நீதிபதி, லாட்வியாவைப் பூர்வீகமாகக் கொண்டவர், 20 ஆண்டு அனுபவம். அந்த ஊர் வழக்கறிஞர் சங்கம் அவருக்குத் தன்னிடமுள்ள உச்சபட்ச மதிப்பீட்டைக் கொடுத்திருந்தது. எதிர்த்து நின்றவர் பேகல் என்ற வளைய ரொட்டி விற்கும் கடை நடத்திவந்தவர். உரிமம் இருந்தாலும் வக்கீலாக அதிகம் வேலை பார்க்காதவர். சங்கம் அவரைத் "தகுதியற்றவர்" என்றது. ஜெயித்தது பேகல் கடைக்காரர்தான். வாயில் நுழையாத பெயர் என்பதால்தான் ஜானவ்ஸ் தோற்றார் என்று பலர் எழுதினார்கள். அப்போதைய கவர்னர் ஷ்வார்ஸ்னெகர் அவரை மறுபடி நீதிபதியாக நியமித்தது வேறு கதை. நம் பிள்ளைகளின் பெயர்கள் எவ்வளவு நீளம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த இருட்டில் கொஞ்சம் வெளிச்சம் காட்டத்தான் வழக்கறிஞர் சங்கங்கள் மதிப்பீடு செய்கின்றன. பார் அசோசியேஷன் என்றதும் நம்மூர் நினைப்பில் சங்கத் தேர்தலும் கோர்ட் புறக்கணிப்பும் வந்து நிற்கும். இங்கே வேலை வேறு. சிகாகோ பார் அசோசியேஷன் 1874-இல் தொடங்கியது. அது தனியாக மதிப்பிடுகிறது. வேறு பல சங்கங்கள் ஒரு கூட்டணியாகச் சேர்ந்து, பொதுவான விசாரணை நடத்திவிட்டு, தனித்தனியாக ஓட்டெடுத்து முடிவு சொல்கின்றன. அந்தக் கூட்டணியில் கறுப்பின வக்கீல்கள் 1914-இல் தொடங்கிய குக் கவுண்டி பார் அசோசியேஷன், பெண் வக்கீல்களின் சங்கம், யூத வக்கீல்களின் டெக்கலாக் சொசைட்டி, ஆசிய அமெரிக்க வக்கீல்களின் சங்கம் எல்லாம் உண்டு. இத்தனை சங்கம் எதற்கு என்று கேட்பார்கள். அந்தந்தக் காலத்தில் பெரிய சங்கங்களின் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை, அல்லது திறந்தும் உள்ளே குரல் எடுபடவில்லை. 1969-இல் சிகாகோ கவுன்சில் ஆஃப் லாயர்ஸ் பிறந்ததும், பழைய சங்கத்தின் போக்கு பிடிக்காத இளம் வக்கீல்களால்தான்.

எண்பதுகளில் இந்த ஊர் நீதித்துறை பட்ட அவமானத்தையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் கிரேலார்ட் என்ற பெயரில் எஃப்பிஐ நடத்திய விசாரணையில் லஞ்சத்துக்காக 17 நீதிபதிகள்மேல் குற்றச்சாட்டு வந்தது; 15 பேர் தண்டிக்கப்பட்டார்கள். காசு கொடுத்துக் கேஸை முடித்த வக்கீல்களும் பலர் மாட்டினார்கள். அந்தத் தலைமுறையைப் பார்த்த மூத்த வக்கீல்கள் குழுவில் உட்கார்ந்தால் "நேர்மை" என்ற கட்டத்தில் வெகுநேரம் நிற்பார்கள். நான் அவர்களிடம் கற்றதுதான் அதிகம்.

வேட்பாளர் முதலில் பக்கம் பக்கமாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நடத்திய வழக்குகள், எதிர்த்தரப்பு வக்கீல்களின் பெயர்கள், கேட்ட நீதிபதிகள், தன்மேல் வந்த புகார்கள், வரி பாக்கி உண்டா என்பது வரைக்கும். வக்கீல் ஒழுங்கு ஆணையத்தில் இருக்கும் பதிவையும் பார்ப்போம். ஆனால் உண்மையான வேலை போனில்தான். படிவத்தில் உள்ளவர்களையும், படிவத்தில் இல்லாமல் நாமே கண்டுபிடித்தவர்களையும் கூப்பிட வேண்டும். யார் என்ன சொன்னார் என்பது வெளியே போகாது என்று முதலிலேயே உறுதி கொடுப்போம். பதவியில் இருக்கும் நீதிபதியைப் பற்றி, நாளைக்கே அவர் முன்னால் நிற்கப் போகிற வக்கீல் வேறெப்படி வாய் திறப்பார்?

நான் கேட்கும் கேள்விகள் சின்னச் சின்னவை. சொன்ன தேதியைக் காப்பாற்றுவாரா? ஒன்பதரைக்குப் போட்ட கேஸுக்கு எத்தனை மணிக்கு வந்து உட்காருவார்? வக்கீல் வைக்க வசதியில்லாமல் தானே வாதாட வந்தவரிடம் எப்படிப் பேசுவார்? மொழிபெயர்ப்பாளர் பேசி முடிக்கும் வரை பொறுப்பாரா?

தோற்ற வக்கீல் திட்டுவார் என்று எதிர்பார்ப்போம். அப்படி இல்லை. "அந்த அம்மாவிடம் இரண்டு தடவை தோற்றிருக்கிறேன். ஒரு காகிதத்தைக்கூட மறைத்ததில்லை" என்று ஒருவர் சொன்னார், அந்த ஒரு வரி பத்துச் சிபாரிசுக் கடிதத்துக்குச் சமம். இன்னொரு ரகம் உண்டு. பெயரைச் சொன்னதும் மறுமுனையில் ஒரு இடைவெளி விழும். அப்புறம், "நல்ல மனிதர்தான்..." என்று இழுப்பார்கள். அங்கேதான் பேனாவை எடுப்பேன். ஒருவர் மட்டும் சொன்ன குறையைக் குழுவில் வைக்க மாட்டேன். அவருக்குச் சம்பந்தமில்லாத இன்னொருவர் அதையே தானாகச் சொன்னால் வைப்பேன்.

பிறகு நேர்காணல். வந்த குறைகளை, சொன்னவர் யார் என்று காட்டாமல், வேட்பாளரிடமே கேட்டுவிடுவோம். அவர் பதில் சொல்லலாம். அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசி ஓட்டெடுப்போம். கட்சி, கொள்கை பற்றிக் கேள்வி வராது.

இதில் நான் சறுக்கியதும் உண்டு. ஏழைகளுக்காக வாதாடும் அரசு அலுவலகத்தில் பல ஆண்டு இருந்த ஒரு பெண் வந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒற்றை வரிப் பதில். முகத்தில் சிரிப்பில்லை. நிதானம் போதாது என்று எதிராக ஓட்டுப் போட்டேன். அவர் எப்படியோ ஜெயித்தார். இரண்டு ஆண்டு கழித்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு ஒன்றில் அவர் முன்னால் போய் நின்றேன். என் கேஸுக்கு முன்னால் இருபது கேஸ். வக்கீல் இல்லாமல் வந்த ஒவ்வொருவரிடமும், உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது, அடுத்த தேதி எப்போது என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதும் சிரிக்கவில்லை. வெட்கமாக இருந்தது எனக்கு. கோட் சூட்டில் சரளமாகப் பேசுகிறவர்களுக்கு எங்கள் முறை கொஞ்சம் சாய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே சங்கத்தின் முடிவை மட்டும் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

மதிப்பீட்டை வாசிக்கும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது "பரிந்துரைக்கப்படவில்லை" என்ற சொல்லை. விசாரித்து, குறை கண்டு சொன்னதும் அதுதான். வேட்பாளர் படிவமே தராமல், நேர்காணலுக்கே வராமல் போனால் தானாக விழுவதும் அதேதான். பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். சிகாகோ கவுன்சில் ஆஃப் லாயர்ஸ் ஒரு வேட்பாளருக்கு ஒரு பத்தி விளக்கமாவது எழுதும். நான் முதலில் புரட்டுவது அதைத்தான். வராமல் இருந்தவரைப் பற்றி என் சொந்த அபிப்பிராயம் கறாரானது. நாளைக்கு எல்லோரையும் நேரில் வரச் சொல்லி உத்தரவு போடப் போகிறவர், தன் விஷயத்தில் ஒரு மணி நேரம் வந்து உட்காரக் கூடாதா?

இன்னொன்று. குக் கவுண்டிக்கு வெளியே, நேப்பர்வில் பக்கம் இருப்பவர்களுக்கு இல்லினாய் மாநில பார் அசோசியேஷன் வேறு முறை வைத்திருக்கிறது. அந்தப் பகுதி வக்கீல்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி வாக்கெடுக்கிறார்கள். 65 சதவீதம் பேர் ஏற்றால் "பரிந்துரை". இது விசாரணை இல்லை, கருத்துக்கணிப்பு. போனில் துருவிக் கேட்ட மதிப்பீட்டையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் பலன் உண்டா என்றால், "தொடரலாமா" கேள்வி வரும் நவம்பர் பொதுத் தேர்தலில் குறைவுதான். 1990-இல் ஏழு நீதிபதிகள் 60 சதவீதத்தைத் தொடாமல் பதவி இழந்தார்கள். அடுத்து இந்தக் கவுண்டியில் ஒருவர் தோற்றது 2018-இல். இடையில் 28 ஆண்டு! அந்த ஒருவரையும் ஜனநாயகக் கட்சியே எதிர்த்துப் பிரசாரம் செய்தது. இடையில், 2012-இல், நீதிமன்ற வாசலில் காவலரைத் தள்ளியதாகக் கைதாகி, வேலையிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த ஒரு நீதிபதிகூட அதே நவம்பரில் 60-ஐத் தாண்டினார். அவர் பதவி போனது 2014-இல், நீதிமன்ற ஆணையத்தின் உத்தரவால். எல்லோருக்கும் எஸ் போடும் நல்ல மனசு நம் ஷாம்பர்க் தம்பிக்கு மட்டும் இல்லை போலும்.

கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத பிரைமரி தேர்தலில்தான் உங்கள் ஓட்டுக்குக் கனம் அதிகம். குக் கவுண்டியில் புதிய நீதிபதி இடங்கள் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகின்றன. நவம்பரில் எதிர்த்து நிற்க ஆளே இருக்காது. ஓட்டு விழுவதும் குறைவு என்பதால் சில நூறு ஓட்டு ஆளை மாற்றிவிடும். ஆனால் பிரைமரி என்றால் நம்மவர்களில் பாதிப் பேர் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை.

எல்லாச் சங்கங்களின் முடிவையும் ஒரே அட்டவணையாக வாக்கெடுப்புக்கு முன்பே வெளியிடுவார்கள். இஞ்சஸ்டிஸ் வாட்ச் என்ற லாப நோக்கமற்ற செய்தி அமைப்பும் நீதிபதிகளுக்கென்றே ஒரு கையேடு போடுகிறது. சங்கங்கள் ஒன்றுபட்டு வேண்டாம் என்ற பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நாலைந்துதான் தேறும். சங்கங்களுக்குள் கருத்து வேறுபடும் பெயர்களுக்கு மட்டும் விளக்கத்தைப் படித்தால் போதும். வாக்குச்சாவடிக்குள் துண்டுத்தாள் கொண்டுபோகலாம், தடையில்லை. இதற்கெல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகும். தம்பிக்கு அன்று போனிலேயே செய்துகாட்டினேன். இடையில் அவர் மனைவி போனை வாங்கி, "அக்கா, இதுல இருக்கற ஒருத்தர்கிட்டதான் எங்க டிக்கெட் கேஸ் போச்சு" என்றார். "எப்படிப் பேசினார்?" என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். அடுத்த பத்து நிமிடம் நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.