காவிரியின் திமில் மஹசீர்: அது அருகியதற்கு நல்லெண்ணத்தில் விட்ட குஞ்சுகளும் ஒரு காரணம்

ஆற்று மீன்களைக் கணக்கெடுக்கும் பணிக்காகக் காவிரிக் கரை ஊர்களுக்குச் சென்று மஹசீரைப் பற்றி விசாரித்தால், நிறையவே இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். அது பொய்யல்ல, ஆனால் வலையில் காட்டும் மீனின் துடுப்புகள் பெரும்பாலும் நீலச்சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. காவிரிக்கே உரிய திமில் மஹசீருக்குத் துடுப்புகள் செம்மஞ்சள். தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் எழுந்து நிற்கும்.

1946இல் காவிரியின் கிளையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ இருந்தது. அவ்வளவு பெயர்பெற்ற மீன், காவிரிப் படுகையைச் சேர்ந்த பாம்பாற்றிலிருந்து ஏற்கெனவே விவரிக்கப்பட்ட, டோர் ரெமாதேவி என்ற அறிவியல் பெயருள்ள இனம்தான் என்பது 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயுசிஎன்னின் செம்பட்டியலில் அது மிக அருகிய இனமாகச் சேர்க்கப்பட்டது.

முட்டையிட மேலாற்றின் கூழாங்கல் படுகைகளை நாடும் இந்த மீனை அணைகள் மறிக்கின்றன. மணல் அள்ளுதல் அப்படுகைகளையே இல்லாமலாக்குகிறது. மீன் பிடிக்க மடுவில் வீசும் ஒரு வெடித் தோட்டா, வளரப் பல ஆண்டுகள் பிடித்த தாய்மீன்களை ஒரே நொடியில் அழித்துவிடுகிறது.

இவை பலரும் அறிந்தவை. நான் அதிகம் வருந்துவது வேறொன்றுக்காக. மஹசீர் குறைகிறதே என்ற அக்கறையில், 1970களிலிருந்து, காவிரிக்கு உரியதல்லாத நீலத்துடுப்பு மஹசீரின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விட்டார்கள். கர்நாடகப் பகுதியில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் பார்த்தால், பிடிபட்ட மஹசீர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. கூடியவை நீலத்துடுப்பு மீன்கள். திமில் மஹசீர் அருகியது, அதோடு பிடிபட்ட சிலவற்றின் சராசரி எடையும் ஏறியது. எடை கூடியதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது: கிழமீன்கள் மிஞ்சியிருக்க, அவற்றின் இடத்துக்குக் குஞ்சுகள் வரவில்லை என்பதே அதன் பொருள்.

இன்று அதன் முக்கியப் புகலிடம் முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே ஓடிப் பவானிசாகரில் சேரும் மோயாறு. அங்கும் மேலே உள்ள மின்நிலையங்களின் தேவைக்கேற்பவே நீர் ஏறி இறங்குகிறது.

காவிரிப் படுகையில் எங்கே மஹசீர் குஞ்சு விடுவதாகச் சொன்னாலும், எந்த இனம், எந்தப் பொரிப்பகம் என்று கேளுங்கள். செம்மஞ்சள் துடுப்புள்ள மீன் வலையில் வந்தால், கையை நனைத்துக்கொண்டு எடுத்து, ஒரு படம் பிடித்துவிட்டு, உடனே அதே மடுவில் விட்டுவிடுங்கள்.