வண்டி வீட்டின் வேலை நாள்: எது முதலில், எது கடைசியில்?

ஆர்.வி. எனப்படும், சக்கரத்தில் ஓடும் வண்டி வீட்டில் வருடம் முழுக்கக் குடியிருப்பவர்களுக்கு வெளிவேலைகள் பெரும்பாலும் ஒரே நாளில் சேர்ந்துவிடும். கழிவை இறக்க வேண்டும், கேஸ் நிரப்ப வேண்டும், துணி துவைக்க வேண்டும், மளிகை வாங்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். கடைக்குப் போனால் வீடும் கூடவே வருகிறது. அதனால் இந்த வேலைகளை நினைத்தபடி முன்னே பின்னே மாற்றிக்கொள்வது நல்லதல்ல. கழிவு முதலில், தண்ணீர் கடைசியில் என்று பழகியவர்கள் ஒரு வரிசை வைத்திருப்பார்கள். எடை, அழுத்தம், புவியீர்ப்பு மூன்றும் சேர்ந்து போட்டுக்கொடுத்த வரிசை அது.

வண்டியின் அடியில் பொதுவாக மூன்று டேங்குகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. குளித்த, பாத்திரம் கழுவிய நீர் போவது சாம்பல் டேங்க். கழிப்பறைக் கழிவு போவது கறுப்பு டேங்க். இந்தக் கறுப்பு டேங்கை மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகே திறக்க வேண்டும். ஒரு துளை வழியாக நீர் பாயும் வேகம், அதற்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது என்று 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய விஞ்ஞானி டோரிசெல்லி கண்டறிந்தார். 30 செ.மீ. உயரம் நின்றால், உராய்வைக் கணக்கில் எடுக்காதபோது, நொடிக்குச் சுமார் 2.4 மீட்டர் வேகம் கிடைக்கும். 10 செ.மீ. மட்டும் நின்றால் 1.4 மீட்டர்தான். அந்த முதல் வேகம்தான் அடியில் கிடக்கும் திடக்கழிவைத் தூக்கிக்கொண்டு போகிறது. வண்டி வீடுகள் தங்கும் முகாமில் கழிவுக் குழாயோடு இணைத்துவிட்டு வால்வைத் திறந்தே வைப்பவர்கள் உண்டு. நீர் மட்டும் வடிந்து போய், மீதி அடியில் காய்ந்து குவிந்துவிடும். அப்புறம் அதைக் கரைத்து எடுப்பது பெரும்பாடு. கறுப்பை இறக்கிய பிறகு சாம்பலைத் திறந்தால், சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிக் கொடுத்துவிடும்.

டேங்க் காலியான பிறகும் சுவரில் உள்ள மீட்டர் சில சமயம் ‘முக்கால்’ என்றே காட்டும். டேங்கின் பக்கச் சுவரில் வெவ்வேறு உயரங்களில் உலோக முனைகள் பொருத்தியிருப்பார்கள். கழிவு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால், அது எந்த முனை வரை தொடுகிறதோ அந்த அளவைக் காட்டும் மீட்டர் விளக்கு எரியும். ஈரக் காகிதம் முனையில் ஒட்டிக்கொண்டால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால்தான் இந்த விளக்கை முழுதாக நம்பக் கூடாது என்கிறேன்.

அடுத்தது கேஸ். சிலிண்டருக்குள் இருப்பது திரவ புரொப்பேன். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். 20 டிகிரி வெப்பத்தில் அதைத் திரவமாக வைத்திருக்க, காற்றழுத்தத்தைப் போல எட்டு மடங்கு அழுத்தம் வேண்டும். திரவம் கொஞ்சம் மீதி இருக்கும் வரை, வெப்பநிலை மாறாவிட்டால் அழுத்தமும் மாறாது. எனவே அழுத்தமானியைப் பார்த்து எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. சிலிண்டரின் பக்கவாட்டில் வெந்நீரை ஊற்றிவிட்டு மேலிருந்து கீழே கையால் தடவிப் பார்க்க வேண்டும். சூடாக இருந்த உலோகம் ஓரிடத்தில் சட்டென்று குளிரும். திரவம் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், அந்தக் கோடு வரை கேஸ் இருக்கிறது என்று பொருள்.

நிரப்பும்போது 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுவார்கள். சூடு ஏறினால் திரவ புரொப்பேன் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகமாக விரியும். விரிய இடம் இல்லாவிட்டால் சிலிண்டரே ஆபத்தாகிவிடும். திரவம் இல்லாமல் விடும் அந்த 20 சதவீதம் உயிர் காக்கும் இடம். ‘இன்னும் கொஞ்சம் போடுங்கள்’ என்று யாரையும் கேட்கக் கூடாது.

துணி துவைப்பதில் ஒன்றே ஒன்று: நன்றாக உலர்த்திய பிறகே உள்ளே கொண்டு வர வேண்டும். ஈரத் துணியின் ஆவி அந்தச் சின்ன இடத்தில் குளிர்ந்த கண்ணாடியிலும் சுவரிலும் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

தண்ணீரைத் தங்கும் இடத்துக்கு அருகில், கடைசியாகப் பிடிப்பது நல்லது. 300 லிட்டர் என்றால் 300 கிலோ. அதைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் சுற்றுவது எரிபொருளுக்கும் பிரேக்குக்கும் வீண் சுமை. பாதி நிரம்பிய டேங்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. வளைவில் நீர் முழுக்க ஒரு பக்கமாக ஒதுங்கும், அதோடு வண்டியின் எடை மையமும் நகரும். இழுத்துச் செல்லும் டிரெய்லராக இருந்து, டேங்க் சக்கர அச்சுக்குப் பின்னால் அமைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கக் கொக்கியில் அமர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பின்னால் தண்ணீர் ஏறினால் அது குறைந்து, வேகத்தில் வால் ஆடத் தொடங்கும்.

இடத்துக்கு வந்ததும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் இருக்கும் ஃபிரிட்ஜ் தீச்சுடரால் குளிர்விப்பது. இது 1922-இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்டுபிடித்த முறை. சுடர் நீரிலிருந்து அம்மோனியாவைக் கொதிக்க வைத்துப் பிரிக்கிறது. அது பின்புறக் குழாயில் குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிரம்பிய பகுதிக்கு இறங்குகிறது. அங்கே மொத்த அழுத்தத்தில் பெரும்பங்கை ஹைட்ரஜனே சுமப்பதால், அம்மோனியாவுக்கு எளிதில் ஆவியாக வழி கிடைக்கிறது. ஆவியாகும்போது உணவுப் பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு நீர் அதை மீண்டும் கரைத்துக்கொண்டு சுடர் எரியும் பகுதிக்கு வழிகிறது. பம்ப் கிடையாது, அசையும் பாகம் எதுவும் கிடையாது. திரவம் தானாகக் கீழே வழிவதை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. வண்டி சாய்ந்தே நின்றால் திரவம் ஓரிடத்தில் தேங்கும், சுடருக்கு மேல் குழாய் வறண்டு சூடேறும். உள்ளே துரு பிடிக்காமல் இருக்கச் சேர்த்த உப்பு படிந்து குழாயை அடைத்துவிடும். அப்படி அடைத்த குளிர்விப்புப் பகுதியைச் சரிசெய்வது கடினம். பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஓடும்போது வண்டி ஆடிக்கொண்டே இருப்பதால் திரவம் தேங்குவதில்லை, நிற்கும்போதுதான் கவனம் வேண்டும். எனவே சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு ஃபிரிட்ஜைப் பற்ற வைத்து மளிகையை அடுக்குங்கள்.