மெமோ 17 ஏ-வா, 17 பி-யா?

தமிழ்நாடு அரசு ஊழியருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை (மெமோ) வந்தால், குற்றச்சாட்டைப் படிப்பதற்கு முன் அது எந்த விதியின் கீழ் வந்திருக்கிறது என்று பாருங்கள். குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17-ஆவது விதிதான் இதற்கெல்லாம் அடிப்படை. "17 பி போட்டுட்டாங்க" என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வது இதைத்தான்.

17 ஏ சிறு தண்டனைக்கானது. கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் மாதிரி. விளக்கம் கேட்பார்கள், நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் பரிசீலித்து உத்தரவு போடுவார்கள், பெரும்பாலும் அதோடு சரி. ஊதிய உயர்வு நிறுத்தத்தில் மட்டும் கவனம் தேவை. ஓராண்டுக்கு மட்டும் நிறுத்துவது வேறு, பின்வரும் சம்பளத்தையும் பாதிக்கும்படி தொடர் விளைவுடன் நிறுத்துவது வேறு. இரண்டாவது வகை பெருந்தண்டனை என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் ஒரு பஞ்சாப் வழக்கில் சொல்லிவிட்டது.

17 பி பெருந்தண்டனைக்கானது. பதவியிறக்கம், பணிநீக்கம் வரை போகலாம். விசாரணை இல்லாமல் இப்படித் தண்டிப்பதிலிருந்து பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவும் இங்கே துணைக்கு வரும். குறிப்பாணையில் ஒரு கேள்வி இருக்கும்: வாய்மொழி விசாரணை வேண்டுமா, நேரில் விளக்கம் சொன்னால் போதுமா? பலர் இதைக் கவனிக்காமல் "நான் நிரபராதி" என்று நாலு பக்கம் எழுதிவிடுகிறார்கள். குற்றச்சாட்டு மறுக்கத்தக்கது என்றால், வாய்மொழி விசாரணை வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். அப்போதுதான் துறைத் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், உங்கள் சாட்சிகளையும் அழைக்கலாம். ஆதாரமாகக் காட்டிய ஆவணங்களின் நகலையும் எழுத்திலேயே கேளுங்கள். வாயால் கேட்டதற்குக் கோப்பில் தடயம் இருக்காது.

விசாரணை அலுவலர் குற்றம் நிரூபணமானது என்று அறிக்கை கொடுத்தாலும் உடனே தண்டனை தர முடியாது. அறிக்கையின் நகலைக் கொடுத்து, உங்கள் பதிலையும் வாங்க வேண்டும். 1990-இல் ரம்ஜான் கான் வழக்கிலும், 1993-இல் கருணாகர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகள் இவை. ஆனால் நகல் தராததால் உங்களுக்குப் பாதிப்பு ஏற்பட்டதா என்றும் நீதிமன்றம் பார்க்கும்.

பணியிடை நீக்கம் தண்டனை அல்ல, விசாரணைக்கு முந்தைய ஏற்பாடு. அந்தக் காலத்தில் பிழைப்பூதியம், அதாவது வாழ்க்கைச் செலவுக்காகச் சம்பளத்தில் ஒரு பகுதி, உண்டு. வேறு வேலை பார்க்கவில்லை என்று சான்று கொடுத்தால்தான் கைக்கு வரும். குற்றச்சாட்டே கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2015-இல் அஜய் குமார் சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் இழுக்கத்தான் செய்கிறார்கள். அந்தத் தீர்ப்பைச் சுட்டி மனுக் கொடுக்கலாம்.