யாருடைய சராசரி? இசட் புள்ளி வேலை செய்யும் விதம்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் இரவில் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் எளிதில் திறக்காது. சுட்டெண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் பின்னால் வீடே கூடி நிற்கும். ஒருவழியாகத் திறந்ததும் ஏ, பி, சி எழுத்துகளைக் கண் ஒருமுறை தடவிவிட்டு, உடனே கீழே இறங்கி வேறொன்றைத் தேடும். 1.6667 என்பது போல நாலு தசம தானத்தோடு ஓர் எண் அங்கே இருக்கும். அதுதான் இசட் புள்ளி. விடிந்ததும் அயலட்டையில் யாரும் "எத்தனை ஏ?" என்று கேட்பதில்லை, "இசட் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். மூன்று ஏ எடுத்தும் மருத்துவ பீடம் கிடைக்காத பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

பல வருடங்களாக நான் இணைந்த கணிதம் கற்பித்து வருகிறேன். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்காத பெற்றோர் அரிது. கணக்கு கடினமானதல்ல, பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இலங்கையின் கல்வி வரலாற்றில் நடந்த பெரிய சண்டைகள் சில அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டிலிருந்து பதின்மூன்றாம் ஆண்டு வரை பள்ளி. இடையில் மூன்று பரீட்சைகள்: ஐந்தாம் ஆண்டில் புலமைப்பரிசில், பதினோராம் ஆண்டில் சாதாரண தரம், பதின்மூன்றில் உயர்தரம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945இல், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. கிராமப்புறங்களில் அவர் எழுப்பிய மத்திய மகா வித்தியாலயங்களுக்குக் கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளை அனுப்புவதற்கென்று வந்ததுதான் புலமைப்பரிசில் பரீட்சை. இன்று பத்து வயதுக் குழந்தைகளை இரவு வகுப்புக்கு அனுப்பும் போட்டியாக அது மாறிப்போனதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

உயர்தரத்துக்கு வருடத்துக்கு மூன்று லட்சம் அளவில் பரீட்சார்த்திகள் தோற்றுகிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் உள்ள இடமோ நாற்பதாயிரம் சொச்சம்தான். தகுதி பெற்ற எல்லோருக்கும் இடம் இல்லாதபோது அவர்களை யாராவது வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும். அந்த வரிசையை இசட் புள்ளி தீர்மானிக்கிறது.

2001க்கு முன்னர், எழுபதுகளில் சில வருடங்கள் தவிர, வெறும் கூட்டுத்தொகைதான் கணக்கு. எடுத்த புள்ளிகளைக் கூட்டு, பெரிய எண் முன்னால். அதில் என்ன பிழை?

இரத்தினபுரியில் ஒரே நாளில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஆடி மாதத்து மன்னாரில் அதே மழை பெய்தால் ஊரே பேசும். மழை அதேதான். அந்த ஊரில் வழக்கமாக எவ்வளவு பெய்யும், அது எவ்வளவு ஏறி இறங்கும் என்று தெரிந்தால்தான் 50 என்ற எண்ணுக்குப் பொருள் வரும். பரீட்சைப் புள்ளியும் அப்படித்தான். வினாத்தாள் கடினமாக வந்த பாடத்தில் எடுத்த 65, இலகுவாக வந்த பாடத்தில் எடுத்த 80ஐ விடப் பெரிய சாதனையாக இருக்கலாம்.

அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு எண்களைக் கணிக்கிறார்கள். ஒன்று, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோரும் எடுத்த புள்ளிகளின் சராசரி. மற்றது நியம விலகல், அதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதற்கான அளவு. உங்கள் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்தின் இசட் கிடைக்கும். மூன்று பாடங்களின் இசட்டையும் கூட்டி மூன்றால் வகுத்தால் பெறுபேற்றுத் தாளில் உள்ள எண்.

செய்து பார்ப்போம். விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. இணைந்த கணிதத்தில் சராசரி 32, நியம விலகல் 22. இரசாயனவியலில் சராசரி 48, விலகல் 16. பௌதிகவியலில் சராசரி 40, விலகல் 20.

முதல் பிள்ளை கணிதத்தில் 87, இரசாயனவியலில் 64, பௌதிகவியலில் 70 எடுக்கிறது. கணித இசட் (87 – 32) ÷ 22 = 2.5. மற்ற இரண்டும் 1.0, 1.5. சராசரி 1.6667. இரண்டாவது பிள்ளை 65, 80, 72 எடுக்கிறது. இசட்டுகள் 1.5, 2.0, 1.6. சராசரி 1.7000.

கூட்டுத்தொகையில் முதல் பிள்ளை 221, இரண்டாம் பிள்ளை 217. பழைய முறையில் முதல் பிள்ளைதான் முன்னால் நின்றிருக்கும். இசட் முறையில் இடம் மாறிவிட்டது. கணிதத்தில் புள்ளிகள் பரந்து சிதறுவதால் அங்கே 22 புள்ளி கூடுதலாக எடுத்தால் ஒரு படிதான் ஏறலாம். இரசாயனவியலில் எல்லோரும் நெருக்கமாக நிற்பதால் 16 புள்ளியிலேயே அதே படி ஏறிவிடலாம். வெறும் கூட்டுத்தொகையில், அதிகம் சிதறும் பாடம் மற்றவற்றை அமுக்கி, வரிசையைத் தானே தீர்மானித்துவிடும். பல பாடங்களிலிருந்து மூன்றைத் தெரிவு செய்யும் கலைப் பிரிவில் இந்த அநியாயம் இன்னும் கூடுதலாக இருந்தது.

இதுவரை கணக்கு. இனி ஒளிந்திருக்கும் கேள்வி: "எல்லோரும்" என்றால் யார்? யாருடைய சராசரியோடு பிள்ளையை ஒப்பிடுவது?

இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 227 புள்ளி போதும் என்றும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்றும் வைத்தார்கள். 1973இல் அதற்கே ஒரு புள்ளியியல் வடிவம் கொடுத்தார்கள். ஒவ்வொரு மொழிமூலத்தையும் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்து, அந்தந்தக் கூட்டத்துக்குள் அளந்து, பொது அளவுக்கு மாற்றினார்கள். தரப்படுத்தல் என்று எங்கள் வீடுகளில் இன்றும் கசப்போடு சொல்லப்படுவது இதைத்தான். சூத்திரத்தைப் பார்த்தால் இன்றைய இசட்டின் நெருங்கிய உறவுதான் அது. ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதிய பிள்ளைகளை மொழியால் இரண்டு கூட்டமாக்கியதில்தான் விஷயம் இருந்தது. அதற்குள் ஓர் ஊகம் மறைந்திருந்தது: இரு கூட்டத்தின் திறமையும் சமம், புள்ளியில் தெரியும் வேறுபாடு வெறும் அளவுகோல் வேறுபாடு. அந்த ஊகத்தை யாரும் நிறுவவில்லை. கணிதத்தின் பெயரால் செய்யப்பட்ட அந்த அநீதியை ஒரு கணித ஆசிரியனாக என்னால் மன்னிக்க முடியவில்லை.

மொழிவாரித் தரப்படுத்தல் 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு போய்விட்டது. 1974இல் வந்த மாவட்டப் பங்கீடு மட்டும் நிலைத்தது. அது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் இடங்களைக் குறைத்தது உண்மை. மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் ஆய்வுகூடமே காணாத தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்ததும் அதே பங்கீட்டால்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

மறுதிசையிலும் ஒருமுறை பிழை நடந்தது. 2011 உயர்தரத்தில் புதிய பாடத்திட்டத்தில் ஒரு தொகுதியும் பழைய பாடத்திட்டத்தில் இன்னொரு தொகுதியும் தோற்றின. வேறு வேறு வினாத்தாள். ஆனால் இசட் கணிக்கும்போது இரு கூட்டங்களின் சராசரியையும் விலகலையும் ஒன்றாகக் கலந்தார்கள். இரத்தினபுரி மழையையும் மன்னார் மழையையும் ஒரே பட்டியலில் போட்டு, அதற்கொரு சராசரி கண்டதைப் போல. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தக் கணிப்பை 2012இல் நீதிமன்றம் இரத்துச் செய்து, இரண்டையும் தனித்தனிக் கூட்டங்களாக வைத்து மறுபடி கணிக்கச் சொன்னது. ஒரே தாளை எழுதியவர்களை 1973இல் பிரித்தார்கள், வேறு தாள் எழுதியவர்களை 2011இல் சேர்த்தார்கள். இரண்டு தடவையும் சூத்திரத்தில் பிழை இல்லை, கூட்டத்தை வரைந்த கோட்டில்தான் பிழை.

இசட் கையில் கிடைத்த பிறகு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களைப் பகிர்கிறது. ஒரு பிரிவில் 1000 இடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 400 நாடு முழுவதுக்குமான திறமை வரிசையில் நிரம்பும். அடுத்த 550 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதத்தில் போகும். மீதி 50 கல்வியில் பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி பார்த்தால் அந்த 550இல் கொழும்புக்கு 63 அளவில், நுவரெலியாவுக்கு 19, முல்லைத்தீவுக்கு இரண்டோ மூன்றோ வரும். திறமை வரிசையில் போனவர்கள் தங்கள் மாவட்டத்தின் பங்கைத் தின்பதில்லை, இதைப் பலர் பிழையாக விளங்கியிருக்கிறார்கள். வெட்டுப்புள்ளி, அதாவது கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் இசட், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவது இதனால்தான். வெட்டுப்புள்ளி தாழ்ந்த மாவட்டத்துக்குக் கடைசி நேரத்தில் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் இருப்பதால், பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எங்கே படித்தார் என்பதையும் பார்க்கிறார்கள்.

மாவட்டம் என்பதும் ஒரு கூட்டம்தானே. பழைய கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது. கொழும்பு மாவட்டத்தில் பெயர்பெற்ற தேசியப் பாடசாலையில் படிக்கும் பிள்ளையும், அதே நகரத்தில் தோட்டம் எனப்படும் சேரிக் குடியிருப்பில், ஒற்றை அறையில் தங்கையைத் தூங்கவைத்துக்கொண்டு படிக்கும் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். நுவரெலியா நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளையும் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளையும் அப்படியே. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். கன்னங்கராவின் இலவசக் கல்வி அங்கே போய்ச் சேர ஒரு தலைமுறை பிடித்தது. மாவட்டம் என்ற கோடு அந்தத் தாமதத்தைக் காண்பதில்லை.

அதைவிட என்னை அரிப்பது இன்னொன்று. அரச பாடசாலைகள் நான்கு வகை. 1ஏபி பாடசாலையில் விஞ்ஞானம் உட்பட உயர்தரப் பிரிவுகள் உண்டு. 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும்தான். இரண்டாம் வகை சாதாரண தரத்தோடு நின்றுவிடும். மூன்றாம் வகை ஆரம்ப வகுப்புகளோடு, கூடினால் எட்டாம் ஆண்டோடு முடியும். நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன, 1ஏபி அவற்றில் பத்தில் ஒன்று அளவுதான். பெயர்ப்பலகையில் 1ஏபி என்றிருந்தாலும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருப்பார் என்று சொல்ல முடியாது. கல்விக்கு அரசு செலவிடுவது அண்மை ஆண்டுகளில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. ஆசிரியர் இல்லாத இடத்தைத் தனியார் வகுப்பு நிரப்புகிறது, பஸ் காசும் வகுப்புக் காசும் உள்ள வீட்டுக்கு மட்டும்.

சில வருடங்களுக்கு முன் சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்த ஒரு தோட்டத்துப் பிள்ளை என்னிடம் வந்தாள். பயோ, அதாவது உயிரியல், படிக்க விருப்பம். அவளுடைய பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. அது இருந்த பாடசாலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், மாலை வகுப்பு முடிந்தால் திரும்பி வர பஸ் கிடையாது. விடுதியில் இடம் கேட்டோம், கிடைக்கவில்லை. கலைப் பிரிவில் சேர்ந்தாள், நன்றாகவும் செய்தாள்.

உயிரியலின் சராசரியைக் கணித்தபோது அதற்குத் தோற்றியவர்களின் புள்ளிகளை மட்டும்தான் கூட்டினார்கள். நியம விலகலும் அவர்களுடையதே. நுவரெலியாவின் மருத்துவ வெட்டுப்புள்ளியும் அவர்களுக்குள்தான் விழுந்தது. அந்தப் பட்டியல்களில் எதிலும் அவள் இல்லை.